இப்பக்கத்தில் சேர்த்தல் ஒன்று

என் அக்கா வீட்டுக்காரரை அவர் தொழில் செய்யும் தெருவில் 'மேற்படியார்' என்றுதான் கூப்பிடுவார்கள். பத்திர எழுத்தர். பதிவு அலுவலகத்துக்கு எதிர் வரிசையில், ஜெராக்ஸ் கடைக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவில், ஒரு ஷட்டர் அகலத்தில் அவர் கடை. உள்ளே இரண்டு கணினி, ஒரு பிரிண்டர், வருகிறவர்கள் உட்கார நீல நிற பிளாஸ்டிக் நாற்காலி நான்கு. அதில் ஒன்றுக்குக் கால் சரியில்லை. அதில் அவரே உட்கார்ந்துகொள்வார்.

வீடும் மனையும் விற்கிறவர்களுக்கு இருபத்தாறு வருடமாகப் பத்திரம் எழுதுகிறார். அவர் எழுத்தில் ஒரு வீடு முதல் தடவைதான் வீடு. அடுத்த வரியிலிருந்து 'மேற்படி வீடு'. ஒரு ஆளுக்கு முதல் தடவைதான் பெயர். அப்புறம் 'மேற்படி நபர்'. அந்தத் தொழிலில் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான். இவருக்கு அது வாய்ப்பேச்சுக்கும் வந்துவிட்டது. டீக்குச் சொல்லிவிட்டுப் பத்து நிமிடம் கழித்து, "மேற்படி டீ என்ன ஆச்சு?" என்று கேட்பார். கேலியா பழக்கமா என்று கண்டுபிடிக்க முடியாத முகம்.

வீட்டில் அக்காவுக்கும் அதுதான் பெயர். கடையிலிருந்து போன் செய்து, நான் எடுத்தால், "மாப்ள, மேற்படி இருக்காங்களா?" என்பார்.

அக்கா பின்னாலிருந்து குரல் கொடுப்பாள். "மேற்படி வேலையா இருக்காங்க. எழுதிக் கொடுப்பவர் வரும்போது தக்காளி வாங்கிட்டு வரணுமாம், சொல்லு."

பத்திரத்தில் சொத்தை விற்கிறவருக்கு 'எழுதிக் கொடுப்பவர்' என்று பெயர். அக்கா அகராதியில் அது மாமா ஒருவருக்குத்தான்.

அக்கா இறந்து பத்தொன்பது மாதம் ஆகிறது. வயிற்றில் வந்தது. கண்டுபிடித்த நாளிலிருந்து ஐந்து வாரம். மாமா அழவில்லை. நானும் அழவில்லை. வந்தவர்கள் அழுதார்கள், நாங்கள் அவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டோம். இறப்புச் சான்றிதழுக்கான விண்ணப்பத்தை மூன்றாம் நாள் மாமாவே கடையில் டைப் செய்து கொண்டுவந்தார். ஒரு எழுத்துப்பிழை இல்லை. நான் அதைச் சரிபார்த்தேன் என்பது இப்போது நினைக்க ஒரு மாதிரியாக இருக்கிறது, அப்போது இருக்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தோம். குக்கர் விசிலை மாறி மாறி எண்ணினோம். அவர் ஏழரைக்குக் குளிப்பார், நான் எட்டுக்கு. பேச்சு பெரும்பாலும் கேஸ் சிலிண்டர், தண்ணீர் மோட்டார் பற்றித்தான். வருத்தமாக இருந்ததா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கால் மரத்துப்போனால் அது இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்ப்போமே, அந்த மாதிரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாமா சாப்பாட்டு மேசையில் ஒரு கட்டைக் கொண்டுவந்து வைத்தார். பத்திரம் கட்டும் சிவப்பு நாடாவால் கட்டியிருந்தது. ஓரத்தில் துளை போட்டு, பக்க எண் கொடுத்து, முந்நூற்றுப் பன்னிரண்டு தாள்.

"என்ன மாமா, பெரிய சொத்தா?"

"நாவல்" என்றார்.

மூன்றரைக்குப் பதிவு முடிந்துவிடும். நாலிலிருந்து ஆறு வரை, ஆள் வராத நேரத்தில், இரண்டாவது கணினியில் உட்கார்ந்து ஒன்றரை வருடமாக டைப் செய்திருக்கிறார். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரருக்குக்கூடத் தெரியாது. பாகப்பிரிவினைப் பத்திரம் ஏதோ இழுத்துக்கொண்டே போகிறது என்று நினைத்தாராம்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி இரண்டு வரி சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில், அப்பா வழியிலும் அம்மா வழியிலும், பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். எங்கள் ஊரில் யாருக்குக் கடிதம் வந்தாலும் பத்து வயதிலேயே என்னைத்தான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வயதில் ஒரு இரும்புப் பெட்டியோடு அக்கா வீட்டுக்கு வந்து, இங்கிருந்தே படித்து, தமிழில் முதுகலை முடித்தேன். கறுப்பு அங்கியோடு நான் பட்டம் வாங்கும் படத்தைச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டியது அக்கா. இப்போது ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வாடிக்கையாளர் கடிதங்களுக்குப் பதில் எழுதும் பிரிவில் இருக்கிறேன். அதனால் மாமா கட்டை வைத்ததும், எதற்கு வைக்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டதாகவே நினைத்தேன். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன்.

"பேனாவ உள்ள வை மாப்ள. நீ வேணாம்."

"ஏன் மாமா? தமிழ்தானே படிச்சிருக்கேன்?"

"படிச்சிருக்க. அதுல ஒண்ணும் குறை இல்ல. ஆனா இது உங்க அக்காவப் பத்தி."

நான் பேனாவை மூடினேன்.

"நீ படிச்சா உனக்கு அவ தெரிவா. நான் எழுதாம விட்டதையும் நீயே சேத்துப் படிச்சுருவ. அவள ஒரு நாளும் பாக்காத ஆள் படிக்கணும். படிச்சா அவங்களுக்கு அவ தெரியுறாளா, அது ஒண்ணுதான் எனக்குத் தெரியணும். இதுக்குன்னு எடிட்டர்னு ஆளுங்க இருக்காங்களாமே. நீதான் நாலு பேரத் தெரிஞ்சவன். விசாரி."

"தெரியலன்னு சொல்லிட்டா?"

"கட்டி பீரோவுக்கு மேல வெச்சுரலாம்" என்றார், மின்கட்டண ரசீதைப் பற்றிச் சொல்வதுபோல.

படிக்கலாமா என்று கேட்டேன். "படி. ஆனா எங்கிட்ட ஒண்ணும் சொல்லாத" என்றார். ஆபீஸ் போகும் பஸ்ஸில் ஒரு வாரம் படித்தேன். ஒரு வீடு, அதில் ஒரு ஆண், ஒரு பெண், பதினேழு வருடம். வீடு எந்தத் திசை பார்த்தது, எந்த ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கும், எந்தப் படியில் விரிசல், எல்லாம் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு மட்டும் பெயர் இல்லை. முதல் பக்கத்திலிருந்தே 'மேற்படி பெண்'. மேற்படி பெண் பால் வாங்கி வந்தார். மேற்படி பெண் சிரித்தார். மேற்படிக்கு மேலே யாராவது இருக்க வேண்டாமா? முந்நூறு பக்கம் படித்து முடித்தபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் என் அக்கா. எனக்கே ஒன்றும் ஆகவில்லை. அதை மாமாவிடம் சொல்லவில்லை. ஒரே ஒரு யோசனை மட்டும் சொன்னேன்.

"அந்த 'மேற்படி'ய மட்டும் எடுத்துட்டா நடை நல்லா வரும் மாமா."

"சொல்லாதன்னு சொன்னேன்ல" என்றார்.

என் பழைய பேராசிரியரிடம் கேட்டு நான்கு பெயர் வாங்கினேன். மாமா ஒரு முறை வைத்திருந்தார். எல்லோருக்கும் ஒரே பத்துப் பக்கம், நாற்பதிலிருந்து நாற்பத்தொன்பது வரை. எழுதினவர் யார், அந்தப் பெண் யார் என்று மூச்சு விடக் கூடாது. இன்னார் எழுதியது என்று தெரிந்தால் சாட்சி மாறிவிடுமாம். நான்கு உறை தயார் செய்து அனுப்பினேன். ஒருவர் பதிலே போடவில்லை, இன்று வரைக்கும்.

முதலில் திரும்பி வந்தது ஒரு பத்திரிகைக்காரரிடமிருந்து. முப்பது வருடம் செய்தி மேசையில் இருந்தவர். டயர் கடைக்கு மேலே ஓர் அறையில் உட்கார்ந்து இப்போது புத்தகம் திருத்துகிறார். நான்கே நாளில் முடித்திருந்தார். உறையைப் பிரித்ததும் வெள்ளையை விடச் சிவப்புதான் அதிகம் தெரிந்தது.

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் தாளை எடுத்து, பேனா முனையால் தொட்டுத் தொட்டு எண்ண ஆரம்பித்தார். அவர் தொழிலில், பத்திரத்தில் ஓர் எழுத்தை அடித்தால்கூட அந்தப் பக்கத்தின் அடியில் அதை எண்ணி எழுதி, சம்பந்தப்பட்டவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். 'இப்பக்கத்தில் அடித்தல் ஒன்று, திருத்தல் இரண்டு.' இல்லாவிட்டால் பின்னால் எவனாவது வந்து, இது அப்புறம் செருகியது என்பான். ஒன்றும் இல்லாத பக்கத்தில் 'அடித்தல் திருத்தல் இல்லை' என்று எழுதுவார்கள். இருபத்தாறு வருடத்தில் மாமா அதிகம் எழுதிய வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

"இப்பக்கத்தில் அடித்தல் இருபத்திரெண்டு, திருத்தல் ஒன்பது, சேர்த்தல் நாலு" என்று வாய்விட்டுச் சொல்லி அடியில் எழுதினார். "உழைப்பாளிதான் மாப்ள. இதப் பதிவுக்குக் கொண்டுபோனா நம்மள உள்ளயே விட மாட்டாங்க."

பத்துப் பக்கத்தையும் எண்ணி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. 'மேற்படி' முப்பத்தோர் இடத்தில் இருந்தது, முப்பத்தொன்றும் போயிருந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. நான் சொன்னதுதானே. ஆனால் பத்திரிகைக்காரர் அதோடு நிற்கவில்லை. கதாநாயகிக்குப் பெயர் வேண்டும் என்று ஓரத்தில் எழுதி, அவராகவே ஒரு பெயரும் வைத்திருந்தார். அழகான பெயர்தான். மாமா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு இவங்க?" என்றார்.

"அக்காதான் மாமா. அவர் பேர் மாத்திருக்கார்."

"எனக்குத் தெரியாதவங்க" என்று தாளைக் கீழே வைத்தார்.

ஆனாலும் நான் போன் செய்து, அந்தப் பெண் பாத்திரம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "தம்பி, பத்துப் பக்கத்துல அந்தப் பொம்பள ஒரு இடத்துலகூட அழல. அவளே அழலன்னா படிக்கிறவன் எங்க அழுவான்? ஒரு ரெண்டு இடத்துல அழ வெச்சுக் கொடுக்கறேன், பாருங்க" என்றார். அதை மாமாவிடம் அப்படியே சொன்னேன். "அவளா? வெங்காயத்துக்கே அழ மாட்டா" என்றார்.

அடுத்தது ஒரு நிறுவனம். மின்னஞ்சலில் வந்தது. பதினான்கு பக்க அறிக்கை. கட்டமைப்பு, பாத்திர வளர்ச்சி, சந்தை வாய்ப்பு என்று தலைப்புப் போட்டு, வட்டப் படமெல்லாம் வரைந்திருந்தார்கள். கூடவே நாங்கள் அனுப்பிய பத்துப் பக்கம், அனுப்பியபடியே. மாமா அச்செடுத்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். பேனாவைத் தூக்கினார், வைத்தார், தூக்கினார், வைத்தார். எண்ண ஒன்றும் இல்லை. பத்துப் பக்கத்திலும் அடியில் 'அடித்தல் திருத்தல் இல்லை' என்று எழுதிவிட்டு நிமிர்ந்தார். பத்தொன்பது மாதத்தில் அவர் முகத்தில் ஏதோ ஒன்று அசைந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"இவர்தான் மாப்ள."

"ஏன் மாமா?"

"பாரேன். ஒரு அடித்தல் கிடையாது, ஒரு திருத்தல் கிடையாது. அப்படியே ஏத்துக்கிட்டாரு. ஒப்பந்தம்கூட டைப் பண்ணிட்டேன், பேரு மட்டும்தான் போடணும்."

பதிவாளர் மேசையிலிருந்து சுத்தமாக வந்த தாள் என்று எடுத்துக்கொண்டார். அவர் வாழ்க்கையில் சுத்தமான பக்கத்துக்கு வேறு அர்த்தம் இருந்ததில்லை.

"மாமா, இது பத்திரம் இல்ல. இந்த வேலையில ஒரு கோடுகூட இல்லாம வந்தா, படிக்கலன்னு அர்த்தம்."

"படிக்காம பதினாலு பக்கம் எழுதுவாங்களா?"

"எழுதலாம் மாமா. நான் ஆபீஸ்ல தினமும் எழுதறேன்."

அவர் நம்பவில்லை. அறிக்கையை எடுத்து விரல் வைத்துப் படித்தார். ஆறாம் பக்கத்தில் விரல் நின்றது. 'கதாநாயகனின் தாய் பாத்திரம் வலுவாகப் படைக்கப்பட்டுள்ளது.' பத்துப் பக்கத்தில் தாய் என்று யாரும் இல்லை. ஓர் ஆண், ஒரு பெண், ஒரு வீடு, அவ்வளவுதான்.

"தாயா?" என்றார். விரலை எடுக்காமலே, "மேற்படி என்னவிட ஆறு வயசு சின்னவ" என்றார்.

அறிக்கையை மடித்து பிரிண்டருக்கு அடியில் வைத்தார். அந்தப் பிரிண்டர் ஒரு பக்கம் ஆடும். அதற்குச் சரியாக இருந்தது.

மறுநாள் காலை பல் துலக்கிக்கொண்டே சொன்னார். "விட்டுரலாம் மாப்ள. ஒருத்தருக்கு அவ வேற யாரோ. ஒருத்தருக்கு எங்கம்மா. ரெண்டு பேர் பதிலே போடல. அப்ப அவ அதுல இல்ல. நான்தான் இருக்கான்னு நெனச்சுட்டு இருந்திருக்கேன்."

"அந்த ரெண்டு பேர் இன்னும் பாக்கி இருக்காங்க மாமா."

"மூணு வாரம் ஆச்சு. அவங்க அதுல பஜ்ஜி மடிச்சிருப்பாங்க." வாயைக் கொப்பளித்துத் துப்பினார். "பெயிண்டருக்குப் போன் போடு. வீட்ட அடிச்சுரலாம். சுவரு, கதவு, ஜன்னல் எல்லாம். பாக்கவே ஒரு மாதிரி இருக்கு."

பெயிண்டர் வந்து அறை அறையாகப் பார்த்து, திங்கட்கிழமை ஆள் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். கட்டு பீரோவுக்கு மேலே போனது. நான்தான் ஸ்டூல் போட்டு ஏறி வைத்தேன். வைக்கும்போது எடை தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை.

வியாழக்கிழமை மதியம் ஆபீஸில் போன் வந்தது. பெண் குரல். அவசரமில்லாத, கண்டிப்பான குரல்.

"பத்துப் பக்கம் அனுப்பிருந்தீங்களே, நாப்பதுலேர்ந்து. அதுல எனக்கு ஒரு கேள்வி இருக்கு. எழுதினவர்கிட்டப் பேசணும்."

"எங்கிட்டயே கேளுங்க மேடம். நான் தமிழ் எம்.ஏ."

"ரொம்ப நல்லது. நீங்க எழுதினீங்களா?"

"இல்ல."

"அப்ப அவரக் கூட்டிட்டு வாங்க. சனிக்கிழமை மூணு மணிக்கு. லிஃப்ட் கிடையாது, மூணாவது மாடி."

மாமா வர மாட்டேன் என்றுதான் முதலில் சொன்னார். கேள்வி என்ன என்று இரண்டு தடவை கேட்டார். தெரியாது என்றேன். சனிக்கிழமை இரண்டு மணிக்குப் பார்த்தால் இஸ்திரி போட்ட சட்டையோடு நிற்கிறார். கையில் பிளாஸ்டிக் ஃபைல். அதற்குள் அந்த ஒப்பந்தம்.

எடிட்டருக்கு ஐம்பது வயதிருக்கும். சாப்பாட்டு மேசைதான் அவருக்கு வேலை மேசை. ஒரு பக்கம் ஏழாம் வகுப்புப் புவியியல் பாடப் புத்தகத்தின் அச்சுப்படிகள், இன்னொரு பக்கம் ஒரு கிண்ணத்தில் பென்சில் சீவிய தூள். சமையலறையில் வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, அவரே தன்னைப் பற்றிச் சொன்னார்.

"முன்னாடியே சொல்லிடறேன். நான் செய்யறது பாடப் புத்தகம், மாத்திரை டப்பாக்குள்ள மடிச்சு வெச்சிருப்பாங்களே அந்தக் காகிதம், மெஷின் கையேடு. நாவல் வருஷத்துக்கு ரெண்டு மூணு வரும். உங்களோடது நல்லாருக்கா இல்லையான்னு பத்துப் பக்கத்துல சொல்ல மாட்டேன். மூணு வாரம் ஆனதுக்குக் காரணம், மலைகளும் ஆறுகளும்" என்று அச்சுப்படியைக் காட்டினார்.

பத்துப் பக்கத்தை எடுத்து மாமாவுக்கு முன்னால் வைத்தார். மாமா பழக்கம் விடாமல் எண்ணத் தொடங்கினார். அதிகம் இல்லை, எல்லாம் பென்சில். ஒற்றுப்பிழை சில, விட்டுப்போன புள்ளி ஒன்று. 'மேற்படி' முப்பத்தொன்றும் இருந்த இடத்திலேயே இருந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம்.

"மேடம், இந்த 'மேற்படி' இலக்கிய நடைக்குக் கொஞ்சம்..."

"முதல் ரெண்டு பக்கத்துல அடிச்சேன். அப்புறம் ரப்பர் வெச்சு அழிச்சேன், தடம் தெரியும் பாருங்க. நாலாவது பக்கம் வந்ததும் புரிஞ்சுது. அது அவர் அந்தம்மாவக் கூப்பிடற பேரு. பேர நான் அடிக்க முடியாதுங்க."

மாமா எண்ணுவதை நிறுத்தியிருந்தார். தலை நிமிரவில்லை.

"இப்ப என் கேள்வி" என்றார் எடிட்டர். "நாப்பத்தொண்ணாம் பக்கத்துல அந்தம்மா பால் பாத்திரத்தோட வர்றாங்க, கதவத் தோளால தள்றாங்க. நாப்பத்திமூணுல துணி வாளியோட, தோளால தள்றாங்க. நாப்பத்தாறுல ரெண்டு கையிலயும் பை, தோள்தான். வலது தோள்னுகூட எழுதிருக்கீங்க. நாப்பத்தெட்டுல மட்டும் 'மேற்படி பெண் கதவைக் கையால் தள்ளித் திறந்து உள்ளே போனார்'னு இருக்கு. கை தவறி எழுதிட்டீங்களா? இல்ல, தெரிஞ்சேதான் எழுதினீங்களா? தவறுன்னா நான் தோள்னு மாத்தணும்."

மாமா நாற்பத்தெட்டாம் பக்கத்தை எடுத்தார். 'கையால்' என்ற சொல்லுக்கு அடியில் மெல்லிசாகப் பென்சில் கோடு, ஓரத்தில் 'ஏன்?' என்று ஒரு சொல்.

வாஷிங் மெஷின் வேகமெடுத்துச் சுற்றி, குறைந்து, நின்றது.

"அன்னைக்குக் கையில ஒண்ணும் இல்ல" என்றார் மாமா.

எடிட்டர் பென்சிலைக் கீழே வைத்தார்.

"ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தோம். ரிப்போர்ட் எங்கிட்ட இருந்துச்சு. பை, தண்ணி பாட்டில், எல்லாமே நான்தான் வெச்சிருந்தேன். அவ முன்னாடி போனா. கையில ஒண்ணும் இல்ல. அதான் கையால தள்ளினா."

"எப்பவும் எதையாவது தூக்கிட்டுத்தான் வருவாங்க, இல்லையா?"

"எப்பவும்."

"அது இதுல இருக்கு. அன்னைக்குக் கை காலியா இருந்துதுன்றதுதான் இல்ல. எழுதாம விட்டிருக்கீங்க."

"எழுதலையா?" மாமா தாளைத் திருப்பினார். முந்தைய பக்கத்தைப் பார்த்தார், அடுத்ததைப் பார்த்தார். "எழுதினதா நெனச்சேனே."

நான் அந்த வீட்டில் ஏழு வருடம் இருந்தவன். அந்தக் கதவு அப்படித் திறப்பதைத் தினமும் கேட்டிருக்கிறேன். முதலில் ஒரு இடி, அப்புறம் கீல் சத்தம், அப்புறம் அக்கா. அது தோள் என்று எனக்குத் தெரியாது. நாற்பத்தெட்டாம் பக்கத்தை பஸ்ஸில் படித்தபோது 'கையால்' என்ற சொல்லைத் தாண்டிப் போயிருக்கிறேன். மேற்படிகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

மாமா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். வரிகளுக்கு நடுவே, பத்திரம் எழுதும் அதே நிதானத்தோடு, 'மேற்படி பெண்ணின் கையில் அன்று ஒன்றும் இல்லை' என்று எழுதினார். பக்கத்தின் அடிக்குப் போய், 'இப்பக்கத்தில் சேர்த்தல் ஒன்று' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தாளை எடிட்டர் பக்கம் திருப்பினார்.

"நீங்களும் போடணும்."

"நான் எதுக்கு?"

"பார்த்தவங்க போடணும்."

எடிட்டர் பென்சிலால் போடப் போனார். "பேனால" என்று தன் பேனாவை நீட்டினார் மாமா. அவர் போட்டார். அதற்கு மேல் எதையும் கேட்கவில்லை; அந்தம்மா யார் என்றுகூட.

பிறகு ஃபைலைத் திறந்து ஒப்பந்தத்தை வைத்தார் மாமா. எடிட்டருக்கு நாவல் ஒப்பந்தம் பழக்கம்தான். இந்த மாதிரி பழக்கமில்லை. எழுதிக் கொடுப்பவர், எழுதி வாங்குபவர், சொத்து விவரம் எல்லாம் இருந்தது. சொத்து விவரத்தில், 'சுமார் 312 பக்கங்கள் கொண்ட மேற்படி நாவல்' என்று கண்டிருந்தது. எடிட்டரின் பென்சில் அங்கே போய் நின்றது.

"முந்நூத்திப் பன்னண்டுன்னு எண்ணிட்டீங்க. அப்புறம் என்ன சுமார்?"

"பத்திரத்துல அப்படித்தாங்க போடறது. அளந்துட்டாலும் சுமார் போட்டுருவோம். ஒரு பாதுகாப்புக்கு."

"இதுல வேணாமே."

மாமா யோசித்தார். தான் எழுதிய ஒப்பந்தத்தில், இன்னொருவர் சொல்லி, அவரே ஒரு சொல்லை அடித்தார். அடியில் எழுதினார்: 'இப்பக்கத்தில் அடித்தல் ஒன்று.' இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். சாட்சி என்று இருந்த இடத்தில் நான் போட்டேன். பழக்கத்தில் பெயருக்குப் பின்னால் எம்.ஏ. என்று போட்டுவிட்டேன், யாரும் அதை அடிக்கவில்லை.

"மூணு மாசம் ஆகும்" என்றார் எடிட்டர். "நல்லா இல்லைன்னா நல்லா இல்லைன்னுதான் சொல்வேன்."

"சொல்லுங்க" என்றார் மாமா. "மீதியத் திங்கக்கிழமை கொண்டுவந்து தர்றேன். பீரோ மேல இருக்கு."

படியிறங்கும்போது இரண்டாவது மாடியில் நின்றார். மூச்சு வாங்குகிறதோ என்று பார்த்தேன். அதெல்லாம் இல்லை.

"வலது தோள்" என்றார். "அது நான் எழுதினதே எனக்கு ஞாபகம் இல்ல மாப்ள."

"அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு மாமா."

"ம்."

பஸ்ஸில் இருக்கை கிடைத்தது. மாமா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து காலி ஃபைலை மடியில் வைத்துக்கொண்டார். இரண்டு நிறுத்தம் தாண்டியதும் வெளியே பார்த்துக்கொண்டே கேட்டார்.

"பெயிண்டர் திங்கக்கிழமைதானே வர்றேன்னாரு?"

"ஆமா மாமா."

"முன் கதவ அடிக்க வேணாம்னு சொல்லிரு."

நான் பஸ்ஸிலிருந்தே போன் போட்டேன். பெயிண்டருக்குக் காதில் சரியாக விழவில்லை. இரண்டு தடவை சொன்னேன்.

"முன் கதவா? என்ன சார், மத்ததக்கூட விட்டுரலாம்" என்றார் அவர். "அதுதானே ரொம்ப தேஞ்சு கெடக்கு. வலது பக்கம் ஒரு இடத்துல பெயிண்ட் போயி மரமே தெரியுது."

"ஆமா" என்றேன். "தெரியுது."